நாச்சிமுத்துக் கரடி காயில் கட்டிய கதை

ஒரு காட்டில் நாச்சிமுத்து என்றொரு கரடி இருந்தது. காடு என்றதும் இருட்டு, ஓடை, தவம் செய்யும் முனிவர் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். கரண்ட் வந்து பதினைந்து வருடமான காடு. குகைக்கு ஒரு மீட்டர் பெட்டி உண்டு. அடையாள அட்டை வாங்க யானையே டோக்கன் எடுத்து வரிசையில் நிற்கும்.

நாச்சிமுத்து பொய் பேசாது. அதைப் பெரிய குணமாகச் சொல்லவில்லை. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் என்ன பிரயோசனம்? யாராவது இல்லாததைச் சொன்னால் 'கரடி விடுகிறான்' என்று மனிதர்கள் எந்தக் காலத்திலோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் காட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அன்றிலிருந்து கரடி வாயைத் திறந்தாலே மற்ற மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொள்ளும். "பாலம் ஒடஞ்சு கெடக்குது, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று ஒருமுறை நான்கு மான்களிடம் சொன்னது. நான்கும் அந்தப் பக்கமாகவே போய்த் தண்ணீரில் விழுந்தன. நனைந்துபோய்க் கரையேறி, "நீங்க சொன்னா யாருங்க நம்புவாங்க?" என்று கரடியையே கோபித்துக்கொண்டன. அடையாள அட்டை விண்ணப்பத்தில் 'இனம்: கரடி' என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஆந்தை அதிகாரி, மேற்கொண்டு படிக்காமலே 'நம்பத் தகுந்ததாக இல்லை' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியது.

ஊர் நம்பாவிட்டால் போகட்டும். வீடு நம்பவில்லையே என்பதுதான் நாச்சிமுத்துவின் தீராத குறை. மனைவி பெயர் மயிலாத்தாள். பெயர்தான் மயில், ஆள் கரடி. ஆனாலும் அந்தப் பேச்சு ஆண் கரடிகளை மட்டும்தான் சேரும் என்பது மயிலாத்தாளின் கட்சி. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. ஒரே ஒரு தடவை, 'நீங்க சொன்னது சரிதானுங்க' என்று அந்த வாயால் கேட்டுவிட வேண்டும் என்று நாச்சிமுத்து ஏங்கிக் கிடந்தது. அதற்கு முன்னால் மலைத்தேன்கூட இரண்டாம் பட்சம்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மயிலாத்தாளின் அண்ணன் சென்னியப்பன் அடுத்த மலையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. மயிலாத்தாள் சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டது. அந்த மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்குச் சென்னியப்பன் சீராகக் கொடுத்த மிக்ஸி அது. அந்த வீட்டில் அதை யாரும் வெறுமனே மிக்ஸி என்று சொல்வதில்லை. 'அண்ணன் குடுத்த மிக்ஸி' என்று முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஜாரின் கழுத்து வரைக்கும் தேங்காய், பொட்டுக்கடலை, அதன்மேல் மிளகாய். தண்ணீர் மட்டும் ஒரு கரண்டி. மிக்ஸி 'உர்' என்றது, கொஞ்ச நேரம் முக்கியது, பிறகு நின்றுவிட்டது.

"ஏனுங்க! ஓடி வாங்க! அண்ணன் குடுத்த மிக்ஸி நின்னு போச்சுங்க!" என்று மயிலாத்தாள் அலறியது. "அண்ணன் வர்ற அன்னைக்கா இப்படி ஆகோணும்?"

நாச்சிமுத்து பதறவில்லை. முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியது. அதே இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தது. சார்ஜ் ஏறியது. ஆகவே கரண்ட் இருக்கிறது. மிக்ஸியை மோந்து பார்த்தது. ஏதாவது கருகியிருந்தால் கரடி மூக்குக்குத் தப்பாது. லேசான சூட்டு வாடைதான் வந்தது. ஜாரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, பிளேடை நகத்தால் சுற்றிப் பார்த்தது. தடையில்லாமல் சுற்றியது. கடைசியாக மிக்ஸியையே கவிழ்த்தது. அடியில், ரப்பர் கால்களுக்கு நடுவே, ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"மயிலு, ஒண்ணுமில்ல," என்றது நாச்சிமுத்து. "லோடு ஜாஸ்தியானா இந்தப் பொத்தான் வெளிய வந்துரும். மோட்டார் எரிஞ்சு போகாம இருக்கறதுக்காக வெச்சிருக்கறாங்க. சித்த நேரம் ஆற உட்டு உள்ள அமுக்குனா ஓடும். ஜார்ல பாதி போடு, கொஞ்சம் தண்ணி ஊத்து, போதும்."

மயிலாத்தாள் பொத்தானைப் பார்த்தது, புருஷனைப் பார்த்தது, பிறகு கிண்ணத்தில் குவிந்து கிடந்த தேங்காயைப் பார்த்தது. அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அப்ப நாந்தான் அள்ளிப் போட்டு மிக்ஸியக் கெடுத்துப்போட்டேங்கறீங்க?"

"கெடவே இல்ல மயிலு, நின்னுதான்..."

"ஏழு வருசமா இப்படித்தான் அரைக்கறேன். இன்னைக்குத்தான் அதுக்கு லோடு தெரிஞ்சுதாக்கும்? எங்கண்ணன் நாலு கடை ஏறி எறங்கி வாங்குன மிக்ஸி, ஒரு பொத்தான அமுக்குனா ஓடிருமாம். காலங்காத்தால கரடி உடாதீங்க!"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஊரார் இதைச் சொன்னால் ரோமத்தோடு போய்விடும். மயிலாத்தாள் சொன்னால் மட்டும் எப்படியோ உள்ளே இறங்கிவிடுகிறது. அது மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மயிலாத்தாள் வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து, அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டது. எடுத்தது ஒரு கிளி. "மிக்ஸிக்கு ஒன்றை அழுத்தவும், கிரைண்டருக்கு இரண்டை அழுத்தவும்" என்றது. மயிலாத்தாள் ஒன்றை அழுத்தியது. மிக்ஸி ஓடுகிறது என்றால் ஒன்றையும் ஓடவில்லை என்றால் இரண்டையும் அழுத்தச் சொன்னது. இரண்டை அழுத்தியதும், "எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்" என்று அதே கிளி சொன்னது.

"நீதானடி பேசற! அப்பறம் வேற எவ பிரதிநிதி?" என்று மயிலாத்தாள் கத்தியது. புகார்களுக்கு ஒன்பதை அழுத்தவும் என்றது கிளி.

போனை வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பியது. மெக்கானிக் என்றால் சடையன் நரி. ஆலமரத்து முக்கில் மிக்ஸி, கிரைண்டர், பம்புசெட் எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும். சடையனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. டெஸ்டரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றாது.

நரி வந்தது. மிக்ஸியைக் கவிழ்த்தது. பொத்தான் கண்ணில் பட்டதும் சட்டென்று உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டது. மூடியதை நாச்சிமுத்து பார்த்தது. நாச்சிமுத்து பார்த்ததை நரியும் பார்த்தது. ஆனால் நரிக்கு இதெல்லாம் பழக்கம். டெஸ்டரால் மிக்ஸியை இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, 'உச்' கொட்டியது.

"மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற கம்பி, காயில், அது போச்சுங்கக்கா. மொத்தமும் புதுசாக் கட்டோணும். பத்து நாள் கடையில கெடக்கட்டும், பாத்து வெக்கறேன்."

"அந்தச் செவப்புப் பொத்தான்..." என்று மூலையிலிருந்து நாச்சிமுத்து ஆரம்பித்தது.

"அதுங்களாண்ணா? அது டிசைனுக்கு வெச்சதுங்க."

மயிலாத்தாள் புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்வது நரி, பேர் வாங்குவது கரடி! இந்த அநியாயத்தை எந்த ஆபீசில் எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது? எழுதினாலும் 'இனம்' என்ற இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமே.

மிக்ஸியைக் கட்டித் தூக்கிப் போகச் சாக்கு எடுத்து வருகிறேன் என்று நரி கிளம்பியது. கிண்ணத்தில் இருந்த தேங்காயில் பாதியை ஒரு தூக்குவாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மயிலாத்தாளும் கிளம்பியது. பக்கத்து வளையில் இருக்கும் முயலிடம் ஒரு மிக்ஸி உண்டு. அதில் அரைத்து வந்துவிடலாம் என்று ஓடியது.

வீட்டில் நாச்சிமுத்துவும் மிக்ஸியும் மட்டும்தான். தொட்டுப் பார்த்தது. சூடு ஆறியிருந்தது. கிண்ணத்தில் மீதி இருந்ததை ஜாரில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றியது. மிக்ஸியைக் கவிழ்த்துப் பொத்தானை அமுக்கியது. 'டக்' என்றது. நிமிர்த்தி வைத்து, ஜாரைப் பொருத்தி, பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டது.

மிக்ஸி பாட்டுக்கு ஓடியது. இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது. மயிலாத்தாள் வரட்டும், இந்தச் சத்தமே சாட்சி சொல்லும் என்று வாசலைப் பார்த்து நின்றது.

வந்தது மயிலாத்தாள் மட்டும் இல்லை. முயல் வீட்டு மிக்ஸிக்கு முன்னால் ஏற்கெனவே ஐந்து பேர் வரிசையில் நின்றதால் தூக்கோடு திரும்பி வந்த மயிலாத்தாள், வழியில் சீப்புப் பழத்தோடு வந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

"ஏனுங்க! ஓடுதுங்களா! எப்படீங்க ஓடுது?"

"நாஞ் சொன்னனில்ல மயிலு," என்று நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தியது. "அந்தச் செவப்புப் பொத்தான்..."

"பொறுங்க மாப்ள," என்றது சென்னியப்பன். பழத்தைக் கீழே வைத்தது. "மிக்ஸி நின்னு போச்சா? நாங் குடுத்த மிக்ஸியா? பொத்தான் தெறிச்சு வெளிய வர்ற மாதிரி மட்டமான சாமானத்தையா என்ற தங்கச்சிக்குச் சீர் குடுத்தேன்?"

"அதில்லீங்க மச்சான். ஜார்ல..." என்றபடி நாச்சிமுத்து மயிலாத்தாளைப் பார்த்தது. மயிலாத்தாளின் கண் இரண்டும் தளும்பி நின்றன. அண்ணனுக்கு முன்னால் என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவீர்களா என்று அந்தக் கண் கேட்டது.

இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முகம். பொத்தான் என்றால் மச்சான் சாப்பிடாமல் போய்விடும். ஜார் என்றால் மயிலாத்தாள் ஒரு வாரத்துக்குச் சாப்பாடே போடாது. உண்மை என்னமோ ஒன்றுதான், அதற்கு இடையில் நிற்க இடமே இல்லை. அப்போது நாச்சிமுத்துவின் வாய் தானாகத் திறந்தது.

"மிக்ஸி மேல தப்பே இல்லீங்க மச்சான். அரைச்சவ மேலயும் தப்பில்ல. எல்லாம் அந்த அருவிமேட்டு கரண்ட் ஆபீசுக்காரனுக பண்ணுன வேல. காலையில லோ வோல்டேஜ உட்டுட்டானுக. வேற மிக்ஸியா இருந்தா வெடிச்சே போயிருக்கும். நீங்க குடுத்ததா இருக்கப்போயி காயிலோட நின்னுச்சு. நாந்தான் காயிலப் பிரிச்சு, நாப்பத்தி ரெண்டு சுத்து புதுசாக் கட்டி மாட்டுனேன்."

சொல்லி முடித்ததும் நாச்சிமுத்துவுக்கே தூக்கிவாரிப் போட்டது. இதோ சிரிக்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை.

"மாப்ள!" என்று சென்னியப்பன் வந்து கட்டிக்கொண்டது. "உங்களுக்குள்ள இத்தன வித்தை இருக்குதுன்னு தெரியாமப் போச்சே! காயில் கட்டறதுன்னா சும்மாவா? நானும் நாலு கடையில வெசாரிச்சுத்தான் வாங்குனேன், மிக்ஸி எப்படித் தாங்கியிருக்குது பாத்தீங்களா!"

மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எனக்கு அப்பவே தெரியுமுங்கண்ணா. இவரு மிக்ஸியக் கவுத்துப் பாக்கறப்பவே மொகத்துல ஒரு களை தெரிஞ்சுது." பிறகு புருஷன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீங்க சொன்னது சரிதானுங்க. அந்தக் கரண்ட் ஆபீசுக்காரனுகளச் சும்மா உடக்கூடாது," என்றது.

ஏழு வருடமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது. கூடவே வயிறும் எரிந்தது. உண்மை பேசிப் பேசி வாங்க முடியாததை, ஒரே புளுகில் வாங்கியாயிற்று!

அந்த நேரம் பார்த்துச் சாக்கோடு சடையன் நரி வந்தது. தன் புருஷனே காயில் கட்டிவிட்டார் என்று மயிலாத்தாள் பெருமையாகச் சொன்னது. நரி மிக்ஸியைப் பார்த்தது, நாச்சிமுத்துவைப் பார்த்தது. நாச்சிமுத்து தரையைப் பார்த்தது. காயில் போகவே இல்லை என்று சொன்னால் நரி தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளும். அதனால், "நாந்தான் அப்பவே சொன்னனுங்களேக்கா, காயில்தான் போச்சுன்னு. ஆனா அண்ணன் கட்டுன மாதிரி என்னாலயே கட்ட முடியாதுங்க," என்று பணிவாகச் சொல்லி, இலை போட்டு உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனது.

மத்தியானம் சென்னியப்பன் கட்டிலில் கண்ணயர்ந்தது. அண்ணனுக்குக் கொடுத்தனுப்ப இட்லிப்பொடி அரைக்கலாம் என்று மயிலாத்தாள் ஜாரின் கழுத்து வரைக்கும் பருப்பை ரொப்பி மிக்ஸியைப் போட்டது. மிக்ஸி முக்கியது, நின்றது. இந்தத் தடவை மயிலாத்தாள் அலறவில்லை.

"ஏனுங்க, மறுபடியும் லோ வோல்டேஜுங்க," என்று சந்தோஷமாகக் கூப்பிட்டது.

நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை. அருகில் போய், "மயிலு, நெசத்தச் சொல்லிப்போடறேன். நான் காயிலெல்லாம் கட்டவே இல்ல. காயில் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. பொத்தானத்தான் அமுக்குனேன்," என்றது.

மயிலாத்தாள் புருஷனை ஆசையோடு பார்த்துச் சிரித்தது.

"இந்த அடக்கத்தப் பாரு! வேற ஒருத்தரா இருந்தா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருப்பாங்க." முக்காலியை இழுத்துப் போட்டது. "உக்காந்து நிதானமாக் கட்டுங்க. நான் டீ வெச்சுக் கொண்டாறேன்."

எப்படியும் சூடு ஆறுகிறவரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். நாச்சிமுத்து முக்காலியில் உட்கார்ந்தது. பழைய கம்பி ஒன்றைத் தேடி எடுத்து, கட்டைவிரலில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்ற ஆரம்பித்தது. ஏழு வருடத்தில் முதல் முறையாகக் கேட்காமலே டீ வந்தது. அதில் தேனும் இரண்டு கரண்டி கூடவே விழுந்திருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, நாச்சிமுத்து இன்னும் கொஞ்சம் கம்பி இருக்கிறதா என்று தேடியது.

நீதி: மிக்ஸி நின்றுபோனால் முதலில் பழியைக் கரண்ட் ஆபீசுக்கு அனுப்பிவிட வேண்டும், பொத்தானை அப்புறம் அமுக்கிக்கொள்ளலாம்.