இரண்டாவது கை உப்பு

எனக்கு ஞாபகசக்தி அதிகம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கூச்சப்பட வேண்டியவர்கள் மறதிக்காரர்கள். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எப்போதோ ஒரு தடவை வந்துபோனவர், மறுபடி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய இடது கண் பவரைச் சொல்லிவிடுவேன். (பெயர் ஞாபகம் இருக்காது. கண்ணாடி செய்யப் பெயர் எதற்கு?)

இப்பேர்ப்பட்ட மூளைதான் நோன்புக் கஞ்சி விஷயத்தில் என் காலை வாரிவிட்டது.

கஞ்சி காய்ச்ச யூடியூபில்தான் கற்றுக்கொண்டேன். ரமலான் மாதத்தில் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, மிளகாய்த்தூள் டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்து, அதில் ஓர் அம்மா சொல்லச் சொல்லச் செய்வேன். பிரமாதமாக வரும். கீழ்வீட்டுக்காரர்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். இரண்டு மூன்று ரமலான் இப்படிப் போனதும், கஞ்சி எனக்கு மனப்பாடம் என்று நானே நம்பிவிட்டேன்.

நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். என் மகள் நஸ்ரினைப் பெண் பார்க்க ஆதம்பாக்கத்திலிருந்து யூசுப் பாய் குடும்பம் வந்தபோது, "போனைப் பாத்து சமைக்கிறதெல்லாம் ஒரு சமையலா பாய்? எல்லாம் இங்க இருக்கணும்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினேன். அவர் அசந்துபோனார். நஸ்ரின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சம்பந்தம் கூடிவந்து, நிக்காஹ் தேதி மட்டும் பாக்கி. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் நோன்பு திறந்துவிட்டு அதைப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. கஞ்சி என் கையால் என்று வேறு சொல்லிவைத்தேன்.

மாலை பாங்கு சொல்லும் நேரத்துக்கு வந்தால் போதும். யூசுப் பாயோ பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஹாலில் உட்காராமல் நேரே வந்து, அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"இன்னா பாய், ஆரம்பிச்சிட்டீங்களா? உங்க கைவேலைய பாக்கணும்னுதான் ஆட்டோ புடிச்சு ஓடியாந்தேன்."

போன் பிரிட்ஜ் மேல் இருந்தது. எடுக்க முடியுமா? நெற்றியைத் தட்டியவன் நான்.

சரி என்று மூளையைத் தேடினேன். அந்த வீடியோ முழுசாக உள்ளே இருந்தது. அந்த அம்மாவின் பச்சைக்கல் மோதிரம், பின்னால் ஆடும் காலண்டர், நடுவில் அவர் இருமுவது, பூண்டு போடும்போது குறுக்கே வரும் பனியன் விளம்பரம் என்று ஒன்று விடாமல் இருந்தது. குருணை எவ்வளவு? அவர் காட்டுவாரே, அவ்வளவு. வெந்தயம்? இருமலுக்கு முன்னால் கொஞ்சம். கஞ்சி எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அது பிரிட்ஜ் மேல் இருந்தது.

ஆனாலும் வியாபாரி அல்லவா, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மனதுக்குள் வீடியோவை ஓடவிட்டு அதன்படியே செய்தேன். கைமா வதங்கியது. குருணை கொதித்தது. "இப்ப உப்பு சேத்துக்கலாம்" என்றார் அம்மா. ஒரு கை போட்டேன். சற்று நேரத்தில் மறுபடியும், "இப்ப உப்பு சேத்துக்கலாம்" என்றார். இது எனக்கு மிக நன்றாக ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். இன்னொரு கை போட்டேன்.

"ரெண்டு தபா போடுவீங்களா?" என்றார் யூசுப் பாய்.

"பக்குவமே அதுலதான் இருக்கு பாய்."

என் மனைவி பக்கத்தில் வந்து, "நாக்கு நுனில வெச்சு பாத்துட்டு துப்பிடுங்களேன், தப்பில்ல" என்று கிசுகிசுத்தாள். சம்பந்தி எதிரில் உப்புப் பார்ப்பதா? "நோன்போட நான் எதையும் வாயில வெக்கிறதில்ல" என்று அவருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் பூரித்துப்போய் "மாஷா அல்லாஹ்" என்றார்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் கஞ்சி. யூசுப் பாய் ஒரு மடக்குக் குடித்தார். இரண்டு கண்ணும் விரிந்தன. (இடது கண் கொஞ்சம் அதிகம். தொழில் புத்தி.) அவர் மனைவி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு சர்பத்தைத் தேடினார். மாப்பிள்ளைப் பையன் மரியாதைக்காக விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் குடித்தேன். மெரினாவில் அலை வாய்க்குள் புகுந்த மாதிரி இருந்தது. தேதி பேச வந்தவர்கள் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியைத் தட்டிக் காட்டிய பொய்யனின் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? நிஜமாகவே பயந்துபோனேன்.

"அத்தா, எத்தன தடவ உப்பு போட்டீங்க?" என்றாள் நஸ்ரின்.

"ரெண்டு தடவ. அந்தம்மா ரெண்டு தடவதானே போடுவாங்க?"

"எந்தம்மா?" என்றார் யூசுப் பாய்.

நஸ்ரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அத்தா, அவங்க ஒரு தடவதான் போடுவாங்க. அளவு காதுல விழலன்னு நீங்கதான் தெனமும் அந்த இடத்துல ரீவைண்ட் பண்ணுவீங்க. ரெண்டாவது தடவ கேட்டப்புறம்தான் போடுவீங்க!"

யூசுப் பாய் என்னைப் பார்த்தார். பிரிட்ஜ் மேல் இருந்த போனைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த வெகுநேரம் ஆனது.

"பாய், இனிமே பேச இன்னா கீது? உங்க வூட்டு உப்ப தின்னாச்சு. அதுவும் டபுளா தின்னாச்சு. இதுக்கு மேல மாட்டேன்னு சொன்னா நான் மனுசனா? தேதிய சொல்லுங்க."

அந்த இடத்திலேயே தேதி குறித்தோம். பெருநாள் கழிந்து, நந்தனத்தில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ் ஜாம்ஜாமென்று நடந்தது. சமையலறைப் பக்கம் என்னை யாரும் விடவில்லை.

நஸ்ரின் இப்போது ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள். அந்த வீட்டில் குழம்பில் உப்புத் தூக்கலாகிவிட்டால், "இன்னிக்கு சம்பந்தி அளவு" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். உப்புக்குக் கம்மி, சரி, சம்பந்தி என்று மூன்று அளவு உண்டு என்றே என் பேத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள். தி.நகரில் பெரிய பெரிய மனிதர்கள் பெயரில் தெரு இருக்கிறது, ஆனால் அங்கே போகிறவர்கள் போனில் வழி பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். என் பேரில் இருப்பது ஓர் உப்பளவு; அதை எந்தப் போனிலும் தேட வேண்டாம். இரண்டு குடும்பத்துக்கும் மனப்பாடம்.