ஆறிப்போன பன்னிரண்டு காபி

ஒளித்துவைத்த ஆஸ்பத்திரித் தாள் அம்மாவின் கையில் சிக்கியதிலிருந்து ரக்கானுக்கு வீட்டில் நிம்மதி போயிற்று.

கல்லூரியில் படிக்கும்போது, தானம் செய்வோர் பட்டியலுக்கென்று யாரோ அவன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு ஒரு ஃபலாஃபல் ரொட்டி கொடுத்தார்கள். ரொட்டி செரித்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது தலைநகர் அம்மானின் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. யாரோ ஒரு நோயாளிக்கு இவனுடைய ரத்த ஸ்டெம் செல் மட்டும்தான் பொருந்துகிறதாம். சனிக்கிழமை காலை முதல் ஊசி. இவன் போகாவிட்டால் அந்த ஆளுக்கு வேறு கதி இல்லை.

“யாரோ எவருக்கோ என் பையனைத் தோண்டிக் கொடுக்கணுமா?” என்றாள் அம்மா சுபைஹா.

இருபத்தொன்பது வயது, சல்ட் ஊரில் சொந்தமாக டயர்க் கடை, கிளம்பிப் போகவேண்டியதுதானே என்பீர்கள். பெற்றவள் மனம் கோணியிருக்க வாசல் தாண்டினால் போன காரியம் விளங்காது என்று வளர்ந்தவன் அவன். அதனால் சமாதானம் பேசினான். எலும்பை யாரும் தொடமாட்டார்கள், ஒரு கையிலிருந்து ரத்தம் போய் இயந்திரம் வழியாக மறு கைக்கு வந்துவிடும் என்றான். இரண்டு கையிலுமா என்று அவள் சோற்றைத் தள்ளிவைத்தாள். அகபாவுக்கு டயர் வாங்கப் போவதாகப் பொய் சொல்லிப் பார்த்தான். நானும் கடலைப் பார்த்து நாளாச்சு என்று பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

வேறு வழியில்லாமல் அம்மாவின் அண்ணன் துர்க்கி மாமாவிடம் போய் அழுதான். மாமா எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாத மனிதர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், பெண் கேட்கக் கிளம்புவதுபோல ஊர்ப் பெரியவர்கள் பதினொரு பேரைத் திரட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார். ரக்கானுக்குக் கல்யாணம் என்று தெருவில் குலவை கிளம்பிற்று. எதிர்வீட்டுக்காரர் ஒரு தட்டு குனாஃபா இனிப்போடு வந்தார். என் மகள் இருக்க வெளியே எங்கே போய்ப் பெண் எடுக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு தட்டைத் திரும்ப எடுத்துப் போனார்.

காபி வந்தது. மாமா கிண்ணத்தை வாயில் வைக்காமல் கீழே வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிப்பதில்லை என்பதுதான் வழக்கம். மற்ற பதினொரு பேரும் வைத்தார்கள்.

“என்ன வேணும்ண்ணே?”

“ரக்கானை அனுப்பு. அங்க ஒரு உயிர் காத்துக் கிடக்கு.”

“மாட்டேன்.”

குடிக்காமல் அனுப்பினால் வீட்டுக்கு அவமானம். கிடைக்காமல் எழுந்தால் வந்தவர்களுக்கு அவமானம். இரண்டு மணிநேரம் பன்னிரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரைக்காரர் ஒருவர் தலை சுற்றுகிறது என்றார். ரக்கானுக்கு வெட்கம் ஒரு பக்கம், முகம் தெரியாத அந்த ஆள் என்ன ஆவாரோ என்ற பதைப்பு ஒரு பக்கம்.

கடைசியில் சுபைஹா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

“குடிங்க. ஆறினதைத்தான் குடிக்கணும்னு உங்க தலையெழுத்து.”

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில், ஊசியோடு வந்த நர்ஸ் அவன் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எதற்கென்று புரியாமல், வேறு பேச்சும் வராமல், ரக்கான் அம்மாவைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டான். அடுத்த உயிருக்கு ஒரு சொட்டுக் கொடுக்கவும் மனசு வராதவள், ஊரையே கூட்டித்தான் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது என்றான்.

“யாரு, சுபைஹா அம்மாவா?” என்றாள் நர்ஸ். “அறுபத்திரண்டு வயசுல எடுக்கமாட்டோம்னு சொல்லச் சொல்ல, ‘என் பையனை விட்டுடுங்க, எங்கிட்ட எடுத்துக்கோங்க’ன்னு இந்த வாரம் மூணு நாள் வந்து, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு இதே கட்டில்ல படுத்துட்டாங்களே.”