சகலையின் கண்ணுக்குள் போன குச்சி

அன்புள்ள மைத்துனருக்கு,

சின்ன அத்தான் எழுதுவது. நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் பாதி நலம். வலது கண் மட்டும்.

உன் பெரிய அத்தானுக்கும் எனக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர். விழித்திரை மேல் படர்ந்திருந்த சவ்வை இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான் உரித்தெடுத்தார்கள். கூட்டிப் போனவனே நீதான், உனக்குத் தெரியாததா? ஆனால் வீக்கம் வற்றுவதற்கு அவருக்கு மட்டும் கண்ணுக்குள்ளேயே ஸ்டீராய்டு மருந்துக் குச்சி ஒன்றை வைத்துவிட்டார்கள். நறுக்கிய நூல் துண்டு அளவுதானாம், உள்ளேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மாதக்கணக்கில் வேலை செய்யுமாம். எனக்கு வெறும் சொட்டு மருந்து! ஏன் டாக்டர் என்றால், "உங்க கண்ணுல அழுத்தம் கூடுதலா இருக்கு, குச்சி வெச்சா இன்னும் ஏறும்" என்கிறார். ஏறாமல் என்ன செய்யும்? பக்கத்து நாற்காலியில் சகலை உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஏறாது?

அவர் அலட்டல் தாங்க முடியவில்லை. தினமும் போன் பண்ணி, "என்ன சகலை, இன்னும் சொட்டுதானா?" என்கிறார். கேட்டாலே வயிறு எரியுது. உன் அக்கா அதுக்கும் மேல. "அத்தான் பேப்பர்ல பொடி எழுத்தெல்லாம் படிக்கிறாராம்"னு காலையில ஆரம்பிச்சா விளக்கணைக்கிற வரைக்கும் அதே பாட்டு. எனக்குக் கதவு நிலையே இன்னும் நெளிஞ்சுதான் தெரியுது. கல்யாண போட்டோவுல அவ மூக்கும் கோணலாத் தெரியுதேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்; அன்னிக்குக் காப்பியில சர்க்கரை இல்லை. நாலு வேளையும் கைவேலையைப் போட்டுட்டு வந்து, என் மோவாயைப் பிடிச்சு நிமிர்த்தி, "மேல பாருங்க, இமைக்காதீங்க"ன்னு அதட்டிக்கிட்டே ஊத்துறா, பாதி கன்னத்துல. ஒரே வீட்டுல பொண்ணு எடுத்தவங்களுக்குள்ள இந்தப் பாகுபாடு எதுக்குப்பா? நீ நாளைக்கே டாக்டரைப் பார்த்து எனக்கும் ஒரு குச்சி வைக்கச் சொல்லலைன்னா, உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். பெரிய அத்தானை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஒற்றைக் கண்ணால் எழுதும்
சின்ன அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதினதெல்லாம் கிடக்கட்டும், டாக்டர் பக்கமே போயிடாதே. இன்னிக்குப் பார்த்ததுல அழுத்தம் இறங்கியிருக்காம். "வேணும்னா உங்களுக்கும் வெச்சிடலாம், அப்புறம் இந்தச் சொட்டு வேண்டாம்"னார். உன் அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப நான் அக்கா வீட்டுல போய் ஒரு மாசம் இருந்துட்டு வரேன், அத்தானும் கூப்பிட்டுட்டே இருக்கார்"ங்கிறா. எனக்குக் குச்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ என் முகத்தை இவ்வளவு கிட்டத்துல பார்க்கிறது இந்தச் சொட்டு மருந்தாலதான். அழுத்தம் மறுபடி ஏறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அது பொய்யும் இல்லை.