தொண்ணூற்றிரண்டு கிலோ உறுதி

பறவைத் துறை அலுவலகத்தில் படக்காரர் ஒருவர் இருந்தார். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். ஜன்னலுக்கு எதிரே ஏரி. அங்கே வருடத்துக்கு எட்டே நாள் வந்து தங்கிப் போகும் ஒரு செங்கழுத்து நாரை. அதைத் தெளிவாகப் படம் எடுத்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று மேலிடம் வாய்விட்டே சொல்லியிருந்தது. கேமராவும் கொடுத்தது. முழங்கை நீள லென்ஸோடு ஆறு கிலோ. கையில் பிடித்து எடுத்தால் நாரைக்கு மூன்று கழுத்து விழுந்தது.

நாரை வந்து இறங்கிய அன்றே கொள்முதல் அதிகாரியிடம் ஓடினார்.

"கேமராவை நிறுத்தி வைக்க ட்ரைபாட் ஒண்ணு வேணும் சார். உறுதியானதா."

"உறுதின்னு யாரு முடிவு பண்றது?"

"இருபது கிலோ தாங்கும்னு கம்பெனியிலயே எழுதியிருக்கான் சார்."

"எழுதினதை நம்பினா ஆபீஸ் எதுக்குய்யா?"

நாற்காலி வாங்கிய காலத்து விதி ஒன்று இருந்தது: நிற்கும் பொருள் எதுவாயினும், அதிகாரி அமர்ந்து பார்த்த பின்னரே ஏற்கப்படும். அதிகாரியின் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

முதல் ட்ரைபாட் வந்தது. அதிகாரி சுற்றிவந்து எண்ணினார்.

"மூணு கால்தான் இருக்கு. நாலாவது?"

"மூணுதான் சார். மேடு பள்ளத்துல ஆடாது."

"காணாமப் போன காலுக்கு விளக்கம் கேளுங்க" என்றபடி உட்கார்ந்தார். சடக்! தரையில் கிடந்தவாறே அறிக்கை சொன்னார்: "உறுதியின்மை நேரில் கண்டறியப்பட்டது."

மறுநாள் கார்பன் ட்ரைபாட். ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தவர், "இவ்ளோ லேசா இருக்கியே, வெக்கமா இல்ல?" என்று அதையே கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சடக்!

"தலைமை எழுத்தர் உட்காரட்டுமே சார்? அவரு அம்பது கிலோதான்."

"அந்த எடைக்கு இன்னும் ஒப்புதல் வரல."

ஏழு நாளில் ஏழு ட்ரைபாட், இருபத்தொரு கால், ஒரு இடுப்பு ஒடிந்தன. ஒவ்வொரு ஒடிவுக்கும் அறிக்கை, விளக்கம், மருத்துவச் சான்று, எல்லாம் ஐந்தைந்து நகல்.

எட்டாம் நாள் காலை. நாரை கழுத்தை நீட்டிக் கிளம்பத் தயாரானது. படக்காரருக்கு உயிரே போயிற்று. ஜன்னலோரம் இடுப்பளவு உயரத்துக்கு ஏழு ட்ரைபாட்களின் ஃபைல் அடுக்கு. அதன் மேல் கேமராவைப் பொத்தென்று வைத்தார். இம்மி அசையவில்லை. நாரை சிறகை விரித்தது. கிளிக்!

ஒவ்வொரு இறகையும் எண்ணலாம் போல ஒரு படம். வேலை நிரந்தரமாயிற்று.

"எதுமேல வச்சு எடுத்தீரு?" என்றார் அதிகாரி, இடுப்புக் கட்டோடு.

"நம்ம ஃபைல் மேலதான் சார்."

அதிகாரியின் கண் கலங்கியது. அன்று மாலையே சுற்றறிக்கை பறந்தது: இனி எல்லாக் கிளைகளிலும் ட்ரைபாட்டுக்குப் பதிலாக ஃபைல், நாற்பது கிலோவுக்குக் குறைந்தது ஏற்கப்படமாட்டாது.

இரண்டு வருடம் போனது. அதிகாரி ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்குப் படக்காரர் வந்தார். ஒருநாள், புதிதாகச் சேர்ந்த படக்காரப் பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"காட்டுக்குள்ள நாப்பது கிலோ ஃபைலைச் சுமக்க முடியல சார். நானே ஒரு ட்ரைபாட் பாத்து வச்சிருக்கேன். ரொம்ப உறுதி."

அவருக்கு மனசு அப்படியே இளகிவிட்டது. இந்தக் கஷ்டம் அவருக்குத் தெரியாததா?

"கொண்டு வாம்மா" என்று பரிவோடு எழுந்து, நிரந்தரமான பிறகு கொஞ்சம் இறுகிப்போயிருந்த பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டார். "உட்கார்ந்து பாத்துடுவோம்."