மாடம்மாளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி

திருவனந்தபுரத்தில் அந்தப் பள்ளியின் வாசலில், ‘இங்கு யாரும் யாரையும் கேலி செய்வதில்லை’ என்று மூன்று மொழிகளில் போர்டு வைத்திருந்தார்கள். ஆகவே, ஆறாம் வகுப்பு மாடம்மாள் அழுதுகொண்டே வந்து நின்றபோது, ஹெட்மாஸ்டர் நீலகண்டன் முதலில் ஜன்னல் வழியாக போர்டைத்தான் எட்டிப் பார்த்தார். போர்டு பத்திரமாக இருந்தது.

“என்னம்மா?”

“டீச்சர் எம்பேர விளிச்சதும் வினய் மாடு மாதிரி ‘ம்மா’ன்னு கத்துதான் சார். பொறவு கிளாஸே கத்துது.”

கரமனை அக்கிரகாரத்துக்காரரான நீலகண்டனுக்கு மனம் இளகிவிட்டது. “கிளாஸ் மொத்தமுமா?”

“ஆமா சார்.”

“நீ?”

“நான் எப்பிடி சார் கத்துவேன்?”

ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளடக்கிய கல்வி பற்றிய பயிற்சி முகாமில் சாப்பாடும் சான்றிதழும் வாங்கி வந்தவர் அவர்.

“எல்லாரும் சேர்ந்து பண்றதுல உன்னை மட்டும் விட்டுட்டா, அல்லே? அதான் குத்தம். ஒரு குழந்தையையும் ஒதுக்கப்படாதுன்னு சர்க்காரே சொல்லியிருக்கு. நாளைலேர்ந்து நீயும் சேர்ந்து கத்தணும், கேட்டியா?”

மறுநாள் உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. பெயரைக் கூப்பிட்டதும் மாடம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல ‘ம்மா’ என்றாள்.

“கேக்கலை,” என்றார் கதவோரம் நின்ற ஹெட்மாஸ்டர்.

உரக்கக் கத்தினாள். தொண்டை எரிந்தது. அன்று சாயங்காலம், பேரை மாற்ற முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாள். “சாமி பேருட்டீ!” என்று அம்மா அதட்டினாள். அதோடு அந்த வழியும் அடைந்தது.

புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ஹெட்மாஸ்டர் அறிக்கையாக அனுப்பியிருந்ததால், அடுத்த வாரம் கல்வி அதிகாரி அம்மாள் வந்தார். டீச்சர் மாடம்மாளின் பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘ம்மா’ என்று கத்தியது.

“புகார் கொடுத்த குட்டி யாரு?” என்று கேட்டார்.

“மேடமே கண்டுபிடிக்கணும்,” என்றார் ஹெட்மாஸ்டர்.

அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தெரியவில்லை. “கொள்ளாம்! ஒரு வித்தியாசமும் தெரியலியே!” என்று வியந்து, முன்மாதிரிப் பள்ளி என்று அறிவித்துவிட்டுப் போனார்.

அந்தப் புகழைக் கேட்டு, போனக்காட்டு எஸ்டேட்டிலிருந்து ஒரு தகப்பன் தன் மகனைக் கொண்டுவந்து சேர்த்தார். திக்குவாய்ப் பையன்.

“பேரென்ன மோனே?” என்றார் டீச்சர்.

“ஜெ... ஜெ... ஜெப...”

வகுப்பு ஒரு கணம் தயங்கியது. யார் தொடங்குவது என்று வினய்க்கே தெரியவில்லை.

“ஜெ-ஜெ-ஜெ!” என்றாள் மாடம்மாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. வினய் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அவள் போய் உட்கார்ந்தாள். அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.