நாய்க்குக் கீழே மச்சான் படம் வந்த விவரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டாக விளங்கும் என் பெருமதிப்பிற்குரிய மச்சான் பாண்டிதுரை அவர்களுக்கு, ராஜபாளையத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் அழகுராஜா பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு நான், மாரிச்செல்வி, பிள்ளை பரிபூரணம், நாய் வெள்ளையன் எல்லோரும் நலம். தாங்களும் வெங்கடேஸ்வரி அக்காவும் நலமாக இருக்க வேண்டும். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் உங்கள் வாசலில் நிற்கலாம். இருந்தாலும் கடிதமாக எழுதுகிறேன். காரணம், உங்கள் வீட்டில் லத்தி இருக்கிறது.

நாலைந்து நாளாக உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய கும்பிடுகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. கோபம் எதனால் என்று எனக்குத் தெரியும் மச்சான். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை அய்யனார் கோவிலில் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் அது நடக்காது. அவளுக்கு இருப்பது ஒரே மாமன். வேறு மடிக்கு நான் எங்கே போவேன்? ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நம் மாரிச்செல்வி பேண்டேஜ் கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்று கிளப்பிவிட்டது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்காரர். “துணி நல்லாருக்கு, வெப்சைட் அட்ரஸ் அனுப்புங்க, ஆர்டர் போடுறோம்” என்றார். உடனே உங்கள் ஊரில் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் முஹம்மது அனஸை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர், “மொதல்ல பிளான் போடணும் அண்ணாச்சி. முகப்புல என்ன வரணும், உள்ள என்ன வரணும்னு எழுதிக் குடுங்க, பொறவு நான் பாத்துக்கிடுதேன்” என்றார். மேஜைமேல் காதுகுத்துப் பத்திரிகை கிடந்தது. எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. ஊரைக் கூப்பிடத்தானே பத்திரிகை? வெப்சைட்டும் அதுதானே? பத்திரிகையையே பிளானாகக் கொடுத்துவிட்டேன். மேலே ‘அய்யனார் துணை’, அதற்குக் கீழே குடும்பத்துப் பெரியவர்கள், அதற்கும் கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சொந்தபந்தங்கள், எல்லோருக்கும் படம்.

அனஸ் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, இதுல துணி எங்க இருக்கு?”

“கடைசியில போடுங்க தம்பி. பத்திரிகையிலயும் சாப்பாடு கடைசியிலதான வருது” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மூளையை வியந்துதான் பார்க்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

விஷயம் எப்படியோ பட்டாளத்துப் பெரியப்பா கண்ணுச்சாமியின் காதுக்குப் போய், வ. புதுப்பட்டியிலிருந்து சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். “ஏலே அழகு, முகப்புல எம்படம் எம்புட்டுப் பெருசுலே?”

“உள்ளங்கை அகலம் பெரியப்பா.”

“அம்புட்டுத்தானா? எல்லையில நின்னவன்லே நானு. முழுசுக்கும் போடு!”

அவ்வளவு பெரிதாகப் போட்டால் செல்போனில் பார்க்கிறவர்களுக்கு மீசை மட்டும்தான் தெரியும் என்றார் அனஸ். “அது தெரிஞ்சாப் போதும்” என்று பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே சித்தப்பாமார், அத்தைமார், அவர்கள் சம்பந்திமார் என்று வந்து குவிந்தார்கள். படம் இல்லாவிட்டால் காதுகுத்துக்கு வரமாட்டோம் என்கிறார்கள், நான் என்ன செய்ய? அனஸ் சுவரில் ஒட்டிய பிளான் சார்ட்டு, தாளோடு தாள் சேர்ந்து வாசல்வரை போய்விட்டது.

இவ்வளவு கூட்டத்திலும் உங்களை நான் மறக்கவில்லை மச்சான். நல்ல கம்பெனி என்றால் ‘பாதுகாப்பு’ என்று ஒரு பகுதி இருக்கவேண்டும் என்று நானேதான் சொன்னேன். “காவலுக்கு யாரு அண்ணாச்சி?” என்று கேட்டார் அனஸ். பெரியப்பாவின் மீசையைச் சமாளித்துக்கொண்டே, “எந்நேரமும் வெள்ளையன், ஏதாவது ஒண்ணுன்னா எங்க மச்சான்” என்றேன். சொன்ன வரிசையிலேயே அவர் படங்களை ஒட்டிவிட்டார். மேலே வெள்ளையன், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு. கீழே தாங்கள், தொப்பியோடு. நான் சரியாகப் பார்க்காமல் சுவரைப் படமெடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். பார்த்ததும் பதறிப்போய் அழித்தேன். என் போனில் மட்டும்தான் அழிந்தது என்பது, பெரியப்பா அதற்குக் கைதட்டுகிற பொம்மை போட்டபோதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்துதான் உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப். மாரிச்செல்விக்குச் சொல்லவில்லை. அவள் பொழுது விடிந்தால் தறிக்கூடம், பொழுது சாய்ந்தால் பேக்கிங். குரூப்பைத் திறந்து பார்க்கக்கூட நேரம் கிடையாது. சுவரில் ஒட்டியிருப்பதும் வந்த கூட்டமும் காதுகுத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கம்பெனியையே ஓட்டுகிறவளை இதற்கெல்லாம் தொந்தரவு செய்யவேண்டாம் என்று வெப்சைட் பற்றியே நான் அவளிடம் வாய் திறக்கவில்லை.

இப்போது உறுதி சொல்கிறேன். முகப்பில் முதல் படம் தாங்கள்தான். பெரியப்பாவை மீசையோடு கீழே இறக்கிவிடுகிறேன். வெள்ளையனுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கிவிடுகிறேன். கோபத்தை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வந்து உட்காருங்கள். “மாமா மடியில உக்காந்தா வலிக்காதாம்” என்று பிள்ளை தெருவெல்லாம் சொல்லித் திரிகிறது. அதைக் கேட்டு நேற்று எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான்.

தங்கள் வீட்டில் நெல்லும் சிரிப்பும் நிறைந்திருக்கவும், தங்கள் லத்திக்கு வேலையே இல்லாமல் போகவும் அய்யனாரைக் கும்பிட்டு முடிக்கும்,
அழகுராஜா

பி.கு.: அனஸிடம் கொடுத்தனுப்ப உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாரிச்செல்வி வந்து, கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்துவிட்டாள். படித்த கையோடு வெங்கடேஸ்வரி அக்கா நம்பருக்குப் போன் போட்டாள். நீங்களே எடுத்தீர்கள். பிளவக்கல் அணைக்குப் பந்தோபஸ்து போன இடத்தில் உங்கள் போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாமே! படத்தை நீங்கள் பார்க்கவே இல்லையாமே! பிள்ளைக்குக் கம்மல்கூட எடுத்தாயிற்றாமே! சந்தோஷத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். “கிழிக்கக் கூடாது, எங்கண்ணன் படிக்கட்டும்” என்று தடுத்துவிட்டு, சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். “கம்பெனி யாரு பேருல இருக்கு?” என்று கேட்டாள். பெரியப்பா குனிந்து மெடல்களைச் சரிசெய்யத் தொடங்கினார். வாசல்வரை போன பிளானில் அவள் படம் ஒன்றுகூட இல்லை மச்சான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “மொதல்ல துணி, பொறவு தறி, பொறவு நானு. பாதுகாப்பத் தவிர மத்ததெல்லாம் தூக்கிருங்க தம்பி” என்றாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அனஸ் சிரித்தது அப்போதுதான். ‘பாதுகாப்பு’ பகுதியில் உங்கள் படத்தை அவளே பத்திரமாக உரித்து எடுத்தாள். வெள்ளையனுக்குக் கீழே இப்போது என் படம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள். குரூப்பில் மட்டும் வேண்டாம்.