பைப் சாரின் புடலங்காய்

உலகத்திலேயே மண்ணை மிதிக்காமல், மழையை எதிர்பார்க்காமல், அக்கம்பக்கத்து ஏசிகளை மட்டும் நம்பி விவசாயம் செய்த ஒரே மனிதர் எங்கள் பைப் சார்தான். மறுப்பவர்கள் அஸ்தினாபுரத்தில் எங்கள் பிளாட்டுக்கு வந்து என்னோடு தாராளமாகச் சண்டை போடலாம்.

எனக்கு நேர் மேல் வீடு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் ஒரு சனிக்கிழமை காலை மினி லாரி நிறைய பிளாஸ்டிக் பைப்போடு வந்து இறங்கினாரே, அன்றோடு அந்தப் பெயர் காலி. அவர் மனைவி ரோஸி டீச்சரே கேஸ்காரரிடம் போனில், "பைப் சார் வீடுங்க" என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் ஒரு பூசணிக்காயால் வந்த வினை. அவர்கள் சர்ச்சில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். இரண்டாவது மாடியில் என்ன விளையும்? பைப் சார் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கிப் போய் வைத்துவிடுவார். போன வருஷம் பாஸ்டர் அதைத் தட்டிப் பார்த்து, "உங்க தோட்டத்துல விளைஞ்சதா?" என்று கேட்க, இவர் தலையை ஆட்டிவிட்டார்.

"நான் ஆட்டல சார், மரியாதைக்கு அதுவா ஆடிடுச்சு" என்றார் என்னிடம். "அவரு சந்தோஷத்துல, 'அடுத்த வருஷம் உங்க தோட்டத்துல இருந்து நீளமா ஒரு புடலங்காய் கொண்டு வரணும்'னு மைக்லயே சொல்லிட்டாரு. சபையே கை தட்டுது. நான் என்ன பண்றது?"

"உண்மையைச் சொல்லிடுங்க."

"அதுக்குப் புடலங்காய் வளக்கறது ஈஸி சார்."

ஈஸி! ஹால் சுவர் முழுக்க வளைந்து வளைந்து பைப். பைப்பில் வரிசையாக ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் கப், கப்பில் களிமண் உருண்டைகள், அதில் செடி. கீழே ஒரு டப், அதற்குள் மீன் தொட்டி மோட்டார். உரம் கரைத்த தண்ணீரை மோட்டார் மேல் பைப்புக்கு ஏற்றும். அது எல்லா வேரையும் நனைத்துக்கொண்டு மறுபடி டப்புக்கே இறங்கும். டி.வி. இருந்த இடத்தில் தக்காளி வந்தது. டி.வி. பெட்ரூமுக்குப் போனது. பெட்ரூமில் இருந்த பீரோ எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் அது எங்கள் மாடிப்படி வளைவில்தான் இருந்தது.

இருபத்து நான்கு மணி நேரமும் தலைக்கு மேலே சலசலவென்று ஓடும் சத்தம். அதைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாத்ரூம் போக வேண்டும்போல் இருக்கும். வெயில் இல்லாத குறைக்குச் செடிகளுக்கு ஊதா விளக்கு வேறு. சாயங்காலமானால் அவர் ஜன்னல் மட்டும் ஜெகஜ்ஜோதியாக ஊதா அடிக்கும். ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் படியேறி வந்து, "மசாஜ் பார்லர் இங்கதானே?" என்று கேட்டுவிட்டார். பைப் சார் கோபப்படவில்லை. அவரை உள்ளே உட்கார வைத்து, டீ கொடுத்து, அரை மணி நேரம் பைப்பை விளக்கி அனுப்பினார். பாவம், அந்த ஆள் போகும்போது கையில் ஒரு கட்டு லெட்டூஸ் கீரை.

எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். செடிக்கு ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானது என்று எங்கோ படித்துவிட்டார். அப்புறம் எந்த வீட்டு பால்கனியிலும் அவருடைய பக்கெட்தான்.

"சார், நேத்து நீங்க ஏசியே போடலயா?"

"மழை பேஞ்சுது, குளிரா இருந்துச்சு சார்."

"போர்வை இல்லயா உங்க வீட்ல?"

புடலங்கொடி செழித்தது. பூ பூத்தது. காய் மட்டும் விரல் நீளம் வந்ததும் சுருங்கி விழுந்தது. தேனீ இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர், தேனீ வரட்டும் என்று ஜன்னல்களிலிருந்த கொசுவலையைக் கழற்றிவிட்டார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருக்கும் எவரும் செய்யத் துணியாத காரியம். ஒரு தேனீகூட வரவில்லை. கொசு வந்தது, சொந்தபந்தங்களோடு வந்தது, எங்கள் வீட்டுக்கும் வந்தது.

உடம்பெல்லாம் தடிப்போடு ரோஸி டீச்சர் ஒரு இயர் பட்ஸை எடுத்தார். ஆண் பூவில் தொட்டு, பெண் பூவில் தடவினார். "அவ்ளோதான்" என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னெண்டாம் கிளாஸுக்கு பாட்டனி எடுக்கறேங்க. நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

ஒரே ஒரு காய் பிடித்தது. பண்டிகைக்குள் அது வளர்ந்தால் மானம் தப்பும். இல்லாவிட்டால் சபை முன்னால் தலை குனிய வேண்டும். நேராக வளர அதன் நுனியில் கல் கட்ட வேண்டுமே, இரண்டாவது மாடியில் கல்லுக்கு எங்கே போவது? வாசல் பூட்டை எடுத்துக் கட்டிவிட்டார். கேளம்பாக்கத்தில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு டீச்சர் மட்டும் போய் வந்தார். "அவரு வரலயா?" என்று கேட்டவர்களிடம், "வீட்டைப் பூட்ட முடியல. பூட்டு வேலையா இருக்கு" என்றாராம்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஊதா விளக்கையும் சேர்த்து இழுத்த இன்வெர்ட்டர் மதியத்துக்குள் உயிரை விட்டது. மோட்டார் நின்றது. இலைகள் தொங்க ஆரம்பித்தன. மேலே ஓடினேன். பைப் சார் ஸ்டூலில் ஏறி நின்று, சொம்பு சொம்பாக மேல் பைப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"காய் போயிடும் சார்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. சொம்பைப் பிடுங்கினேன். ஊதா விளக்கைப் பற்றி அசோசியேஷனில் புகார் கொடுத்த மூன்றாம் மாடி பேங்க் மேனேஜர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த முறைக்கு நின்றார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் பையன்கள் இருவர் காதில் மீட்டிங்கோடு வந்தார்கள். ஒருவன் ஊற்றிக்கொண்டே, "யெஸ், ஐ ஆம் லிசனிங்" என்றான். கரண்ட் வரும்வரை நாங்கள்தான் மோட்டார். அவ்வளவு சிரிப்பை அந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டதில்லை.

பண்டிகை காலை. ஆளுயரப் புடலங்காயைப் பார்த்து ஷேர் ஆட்டோக்காரர் அலறினார். "இன்னா சார் இது! இத்த உள்ள வெச்சா பாசஞ்சர் எங்க குந்துவான்?" முன்பக்கம் பைப் சார், வால் பக்கம் நான், இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு நடந்தே போனோம்.

ஏலம் ஆரம்பித்ததும் முதல் ஆளாகக் கை தூக்கியவர் பைப் சார்.

"உங்க காயை நீங்களே கேட்டா எப்படி?" என்றார் பாஸ்டர்.

"விட மனசு வரல பாஸ்டர்."

சபை சிரித்தது. "அவ்ளோ பெரிய தோட்டமா?" என்று பாஸ்டர் கேட்டார். பைப் சார் எழுந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தோட்டமே இல்ல பாஸ்டர். போன வருஷப் பூசணிக்காய் மார்க்கெட்ல வாங்கினது. இது எங்க ஹால்ல விளைஞ்சது. போன வாரம் கரண்ட் போனப்ப இதுவும் போயிருக்கும். அதோ நிக்கறாரே, எங்க கீழ் வீட்டு சார், அவரும் எங்க பிளாட்காரங்களும் தண்ணி ஊத்திக் காப்பாத்தினாங்க. நான் தனியா விளைய வெச்சதுன்னு இதையும் சொல்லிட்டா, அது இன்னொரு பொய்யாயிடும்."

பாஸ்டர்தான் முதலில் கை தட்டினார். வேடிக்கை பார்க்கப் போன நான், யார் எவ்வளவு கேட்டாலும் விடாமல் அந்தக் காயை ஏலத்தில் எடுத்துவிட்டேன்.

மதியம் எங்கள் வீட்டில் பிளாட் மொத்தத்துக்கும் கூட்டு. நீளத்துக்காகக் கொடியில் விட்டு வைத்ததால் முற்றிப்போய், மென்றால் கயிறு மாதிரி இருந்தது. "எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் பைப் சார். "பிரமாதம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். பேங்க் மேனேஜர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

கை கழுவிவிட்டு வந்த பைப் சார், எங்கள் ஹாலை நிதானமாக ஒரு சுற்று பார்த்தார். "சார், இந்த மேற்குச் சுவர் சும்மாதானே இருக்கு?"

சமையலறையிலிருந்து என் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினாள். அந்த மனிதர் இல்லாமல் இந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

"எப்ப ஆரம்பிக்கலாம் சார்?" என்றேன்.